கணப்பின் வாயும் சிம்னியின் மூச்சும்

மலைவீடுகளில் உள்ள பழைய கற்கணப்பினுள் புதிதாக ஓர் இரும்பு விறகடுப்பைப் பொருத்த முனைவோர் முதலில் கவலைப்படுவது வடிவத்தைப் பற்றித்தான். கணப்பின் வாய் வில்வளைவாக இருக்கிறது, அடுப்போ நாற்கோணம். கணப்பு அறையின் மூலையில் சாய்வாகக் கட்டப்பட்டிருக்கிறது, அடுப்பு நேராக நிற்க இடமில்லை. பின்சுவர் வளைந்திருக்கிறது, புகைக்குழாய் சுவரில் இடிக்கிறது. இவ்வாறு தொடங்கும் பேச்சு, பெரும்பாலும் கணப்பின் ஓரங்களை இடித்துச் சதுரமாக்குவதில் முடிகிறது. வடிவம் இங்கே இரண்டாம் நிலைச் சிக்கலே. அளக்க வேண்டியது கண்முன் தெரியும் வாயை அன்று. அதற்கு மேலே சுவருக்குள் மறைந்து ஏறும் புகைவழியை. இதை மறப்பவர் இழப்பது பணத்தோடு நிற்பதில்லை.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரையைக் கடந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில் உள்ள கல்லாறு இதைச் சிந்திக்கத் தகுந்த இடம். இங்கிருந்துதான் 22 கொண்டையூசி வளைவுகள் தொடங்குகின்றன. மேலே பொன்முடி சுமார் 1100 மீட்டர் உயரத்தில், மூடுபனியும் தேயிலையுமாக இருக்கிறது. கீழே கல்லாறோ அடிவாரம். இங்குக் குளிரைவிட ஈரமே மிகுதி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் இப்பகுதியை நனைக்கின்றன. இங்குள்ளோர்க்கு நெருப்பு என்றால் சமையலறை அடுப்பு; கணப்பு என்பது மலைச்சுற்றுலாவுடன் வருகின்ற ஆசை. உதகையிலும் கொடைக்கானலிலும் மூணாற்றிலும் ஆங்கிலேயர் கட்டிய மாளிகைகளைப் பார்த்துவிட்டு வரும் பயணிக்கு, மலைப்பாதையில் உள்ள எந்த விடுதியிலும் சுவருக்குள் எரியும் நெருப்பு ஒன்று வேண்டியிருக்கிறது. ஆகவே சமையலறை அடுப்பும் வரவேற்பறைக் கணப்பும் ஒரே சாலையில் அடுத்தடுத்து நிற்கத்தக்க இடம் இது.

இவ்விரண்டையும் குறிக்கும் சொற்களை நோக்கினால் ஒன்று விளங்கும். அடுப்பு என்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுச்சொல். குளிர்காயும் நெருப்புக்குத் தமிழில் கணப்பு என்னும் சொல் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றாகிய, நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், வாடைக்காலத்து மாளிகையில் நெருப்பு இடும் கலத்துக்குத் தடவு என்று பெயர். மலையாளத்தில் இன்று கணப்பைக் குறிக்க வழங்கும் நெரிப்போடு என்னும் சொல்லும் நெருப்பை இட்டுவைக்கும் ஓட்டையே சுட்டுகிறது. தடவும் நெரிப்போடும் கலங்கள். எடுத்துச் செல்லக் கூடியவை. புகை வெளியேறத் தனிவழி இல்லாதவை. அதாவது, இம்மொழிகளின் மரபில் குளிர்காயும் நெருப்பு, சுவரோடும் கூரையோடும் பிணைந்த கட்டட உறுப்பாக இருக்கவில்லை. சுவருக்குள் புகைவழியோடு எழுப்பப்படும் கணப்பு இங்கு வந்தது குடியேற்றக் காலத்தில்தான். உதகையில் ஜான் சல்லிவன் தம் கல்வீட்டைக் கட்டத் தொடங்கியது 1822இல்.

புகைவழி இல்லாத கலத்து நெருப்பு அக்கால வீடுகளில் பேரிடராக முடியாததற்கு ஒரு காரணம், அவ்வீடுகளே மூச்சுவிட்டன என்பது. ஓலைக்கூரையின் இடுக்குகளும் ஓட்டுக்கூரையின் இடைவெளிகளும் இறவாணத்துக்குக் கீழே திறந்திருந்த பகுதியும் சேர்ந்து வீடு முழுவதையும் ஒரு பெரிய புகைபோக்கி ஆக்கின. இன்று கூரை கான்கிரீட், சன்னல் கண்ணாடி, கதவின் அடியில் ரப்பர் பட்டை. வீடு மூடிக்கொண்டது; நெருப்பைப் பற்றிய எண்ணமோ பழைய தடவின் காலத்திலேயே நிற்கிறது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தமன் என்னும் மலையூரில் ஒரே விடுதி அறையில் உறங்கிய கேரளத்தவர் எட்டுப் பேர் இறந்தனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள். திருவனந்தபுரத்திலிருந்து சென்ற ஒரு குடும்பம் முழுவதும் அதில் அழிந்தது. மூடிய அறையில் குளிருக்காக வைக்கப்பட்ட எரிவாயு வெப்பமூட்டியே காரணமாகக் கருதப்பட்டது. தமிழ்நாட்டு மலையூர்களிலும் அறைக்குள் கரியடுப்பை வைத்து உறங்கியோர் விழிக்காமல் போன செய்திகள் வந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை அது எழுப்புவதில்லை.

இந்த இடத்தில் சிம்னி என்னும் கடன்சொல் உதவிக்கு வருகிறது. தமிழில் ஆலையின் உயர்ந்த புகைக்கூண்டும் சிம்னி. மண்ணெண்ணெய் விளக்கின் மேல் பொருத்தும் கண்ணாடிக் கூண்டும் சிம்னி. கண்ணாடிச் சிம்னியை எடுத்துவிட்டால் சுடர் சிவந்து, ஆடி, கரி கக்கும். மீண்டும் பொருத்தினால் அதே திரி வெண்மையாகவும் அமைதியாகவும் எரியும். காற்றிலிருந்து சுடரைக் காப்பது மட்டுமே கண்ணாடியின் வேலை என்றால், காற்றே இல்லாத அறையில் அது தேவைப்படாது. ஆனால் அங்கும் தேவைப்படுகிறது. உள்ளே சூடேறிய காற்று அடர்த்தி குறைந்து மேலே ஏறுகிறது. அதன் இடத்தை நிரப்ப அடியிலிருந்து புதுக்காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்றே திரியை முழுமையாக எரியச் செய்கிறது. 1780களில் ஐமே ஆர்கண்ட் அமைத்த விளக்கின் அடிப்படை இதுவே. புகைபோக்கி என்னும் சொல், புகை வெளியே போகிறது என்னும் பாதிச் செய்தியை மட்டும் சொல்கிறது. விளக்கின் சிம்னியைத் துடைத்துப் பழகிய கைகளுக்கு மற்றப் பாதியும் தெரியும்: சிம்னி காற்றை இழுக்கிறது. கணப்பின் மேலுள்ள சிம்னியும் அவ்வாறே. அது கணப்பின் மூச்சுக்குழாய்.

அந்த மூச்சுக்குக் கணக்கு உண்டு. திறந்த கணப்பில், வாயின் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புகைவழியின் குறுக்குப்பரப்பாக இருக்க வேண்டும் என்பது கொத்தனார்கள் வழிவழியாகக் கையாளும் விதி. 36 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் கொண்ட வாய்க்குப் பரப்பு 1080 சதுர அங்குலம். புகைவழி ஏறத்தாழ 108 சதுர அங்குலமாவது வேண்டும். ஆகவே பழைய கணப்புகளில் 12 அங்குலச் சதுரப் புகைவழி, அதாவது 144 சதுர அங்குலம், இயல்பானது. இதற்குள் வைக்கப்படும் விறகடுப்பின் புகைவாய் பெரும்பாலும் 6 அங்குல விட்டமே உடையது; பரப்பு ஏறத்தாழ 28 சதுர அங்குலம். அடுப்பை உள்ளே தள்ளி, அதன் குழாயை மேலே இரண்டடி நீட்டி விட்டுவிட்டால், 28 சதுர அங்குல வழியில் விரைந்து வந்த புகை 144 சதுர அங்குல வெளியில் விழுகிறது. அதன் வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. குளிர்ந்த கற்சுவரைத் தொட்டு அது மேலும் குளிர்கிறது. குளிர்ந்த புகை இழுக்காது. அதிலுள்ள ஆவிகள் சுவரில் தார் போன்ற படிவாக ஒட்டுகின்றன. ஒருநாள் அந்தப் படிவு தீப்பற்றினால் புகைவழி முழுவதும் எரியும். மூடிய இரும்பு அடுப்பு திறந்த கணப்பைவிடக் குறைந்த காற்றையே எரிப்பதால் சிக்கல் மேலும் கூடுகிறது. நல்ல அடுப்பு வெப்பத்தை அறைக்குத் தந்துவிட்டுக் குறைந்த சூட்டுடனேயே புகையை வெளியே அனுப்பும்.

கல்லாற்றின் தட்பவெப்பம் இதைக் கடுமையாக்குகிறது. இழுவிசை, சிம்னியின் உயரத்தையும் உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டையும் பொறுத்தது. பனி பொழியும் நாடுகளில் வெளிக்காற்று உறைநிலையில் இருக்கும்போது சிறிய நெருப்பும் வலுவாக இழுக்கும். கல்லாற்றின் மழைமாலையில் வெளிக்காற்று வெதுவெதுப்பானது, சிம்னியின் கல்லோ நனைந்து குளிர்ந்தது, விறகோ ஈரம். விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விறகடுப்புக்கான பொது நெறி. மழைக்காலத்தில் முற்றத்தில் அடுக்கிய ரப்பர் விறகு அந்த அளவுக்கு உலர்வதில்லை. ஆகவே குளிர்நாட்டு அடுப்பின் விளக்கக் கையேட்டை அப்படியே இங்கு நம்ப முடியாது.

பெரிய அறிவியலாளரும் இதில் வழுக்கியிருக்கின்றனர். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தாம் வடிவமைத்த கணப்படுப்பை 1744இல் ஒரு சிறுநூலில் விளக்கினார். பழைய கணப்பின் வெப்பம் வீணாவதைத் தடுக்கவே அந்த அடுப்பு. புகை முதலில் கீழே இறங்கி, பின்புறமாகச் சென்று, அதன்பின் சிம்னியில் ஏறும்படி அவர் அமைத்தார். கருத்து நுட்பமானது, ஆனால் சிம்னி முன்பே சூடாக இல்லாவிட்டால் புகை கீழிறங்க மறுத்து அறைக்குள் திரும்பியது. பின்வந்தோர் அந்தச் சுற்றுவழியை நீக்கி, புகையை நேரே மேலே ஏற்றிய பின்னரே அது பரவலாகப் பயன்பட்டது. 1796இல் கவுண்ட் ரம்ஃபோர்டு என அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன் எதிர்த்திசையிலிருந்து வந்தார். அவர் புதிய அடுப்பு எதையும் விற்கவில்லை. இருக்கின்ற கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச்சுவர்களைச் சாய்த்து, மேலே புகை நுழையும் தொண்டையை ஏறத்தாழ 4 அங்குலமாகச் சுருக்கச் சொன்னார். செங்கல்லும் சாந்துமே அதற்குப் போதும். தொண்டை சரியானதும் புகை நின்றது. அறையில் வெப்பமும் கூடியது. ஒருவர் அடுப்பிலிருந்து தொடங்கினார். மற்றவர் புகைவழியிலிருந்து தொடங்கினார். பழைய கட்டடத்தில் கைவைப்போர்க்கு இரண்டாமவரே ஆசான்.

அவர் வழியில் பார்த்தால், ஒழுங்கற்ற வடிவமுள்ள கணப்பின் சிக்கல் பெருமளவு கரைந்துவிடும். வில்வளைவான வாயை நாற்கோணத் தகட்டால் அடைக்க முயலும்போதுதான் வளைவு தொல்லையாகிறது. வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அடுப்பைக் கணப்பின் தளத்தில் சுவரிலிருந்து உரிய இடைவெளியுடன் தனியே நிறுத்தலாம். மேலே, வெளியிலிருந்து கண்ணுக்குப் படாத தொண்டைப் பகுதியில் ஓர் உலோகத் தகட்டைப் பொருத்தி மூடலாம். அத்தகட்டின் துளை வழியே, அடுப்பின் புகைவாய் அளவுக்கு ஒத்த துருப்பிடிக்காத எஃகுக் குழாயைச் சிம்னியின் உச்சிவரை இடைவிடாமல் ஏற்றலாம். தொண்டை கோணலாக இருந்தால் முதலில் அட்டையில் அச்செடுத்துக்கொண்டு தகட்டை வெட்டினால் போதும். புகைவழி வளைந்து சென்றால் வளையும் குழாய் கிடைக்கிறது. கல்லில் ஒரு விளிம்பும் உடைவதில்லை. நாளை அடுப்பு வேண்டாம் என்றால் கணப்பு பழையபடியே இருக்கும். அடுப்புக்குத் தேவையான காற்று வெளியிலிருந்து வர ஒரு வழியும், கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலிக்கும் கருவியும் கட்டாயம். சிம்னியின் உச்சி, கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடித் தொலைவுக்குள் உள்ள கூரைப்பகுதி எதனினும் 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும் என்கின்றன அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறிகள். மலைச்சரிவில் காற்று மேலிருந்து அமுக்கும் ஊர்களில் இது சிறிய செய்தி அன்று.

இனி வரவேற்பறையிலிருந்து சமையலறைக்கு வரலாம். புதிய அடுப்பைப் பழைய கட்டுமானத்துக்குள் பொருத்தும் முயற்சியில் கேரளத்துக்குச் சொந்த வரலாறு ஒன்று உண்டு. 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டத்தை எதிர்த்து வாதிட்ட அமைப்புகளுள் முதன்மையானது. அணை வேண்டாம் என்றால் எரிபொருளுக்கு என்ன வழி என்னும் கேள்வியையும் அது தவிர்க்கவில்லை. விறகைச் சிக்கனமாக எரித்து, புகையைச் சமையலறைக்கு வெளியே அனுப்பும் பரிஷத் அடுப்பு 1980களில் கேரள வீடுகளுக்குள் வந்தது. நெடுநேரம் வேக வேண்டிய குத்தரிசியை, கொதி வந்தபின் இறக்கிவைத்து மிச்ச வெப்பத்திலேயே வேகவைக்கும் சூடாறாப் பெட்டியும் அதே இயக்கம் பரப்பியதே. பாலக்காட்டு முண்டூரில் 1987இல் உருவான ஒருங்கிணைந்த ஊரகத் தொழில்நுட்ப மையம் அப்பணியைத் தொடர்ந்தது. இந்த அடுப்பில் நோக்கத்தக்கது, அது கடையில் வாங்கிக் கொண்டுவந்து வைக்கும் பொருளாக மட்டும் இல்லாமல், சமையலறை மேடையோடு பயிற்சி பெற்றவர் கட்டிப் பொருத்தும் வேலையாக இருந்தது என்பது.

நாடளாவிய அளவில் நேர்ந்தது வேறு. 1980களின் தொடக்கத்தில் நடுவண் அரசு தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002இல் முடிவுற்றது. அதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கணக்கில் ஏறியிருந்தன. எண்ணப்பட்டவை அடுப்புகளே, அவை நின்ற சமையலறைகளின் புகைவழி அந்தக் கணக்கில் ஏறவில்லை. பின்னர் ஒடிசாவில் புகைபோக்கியுள்ள அடுப்புகளை நான்காண்டு தொடர்ந்து நோக்கிய ரேமா ஹன்னா, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோரின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. முதலாண்டில் குறைந்த புகையேற்பு, அடுத்த ஆண்டுகளில் பழைய நிலைக்கே திரும்பியது என்பது அதன் முடிவு. அடுப்புகள் பழுதுபட்டன, சீர்செய்யப்படவில்லை, நாளடைவில் பயன்பாடும் குறைந்தது. அடுப்பு என்பது ஒருநாள் கொடுத்துவிட்டுப் போகும் பொருள் என்னும் எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. புகைவழியைத் துடைக்க ஆள் வேண்டும், விரிசலைப் பூச ஆள் வேண்டும்; அந்த ஆள் ஊரிலேயே இருக்க வேண்டும். வீட்டுக்குள் எரியும் எரிபொருளின் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. விளக்கின் சிம்னியைத் துடைப்பது போன்ற எளிய பராமரிப்பின் மதிப்பை இந்த எண்ணோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, எரிவாயுவும் மின்சாரமும் இருக்கையில் விறகு எதற்கு என்பது. நகரத்துக்கு அது சரி. ஆனால் ரப்பர் மரமும் தென்னை மட்டையும் சிரட்டையும் வீட்டைச் சுற்றிக் கிடக்கும் இடத்தில், எரிவாயு உருளை இருக்கும் வீட்டிலும் விறகடுப்பு எரியத்தான் செய்கிறது. புதிதாக எழும் கேரள வீடுகள் பலவற்றில், பளபளப்பான சமையலறைக்குப் பின்னால் விறகடுப்புக்கென ஒரு புறச்சமையலறை கட்டப்படுவதே சான்று. எரியும் நெருப்பை இல்லையென்று எண்ணிக்கொள்வதைவிட, அது நன்றாக எரிய வழிசெய்வது மேல்.

இரண்டாவது, புகை பயனற்றதன்று என்பது. அடுப்புக்கு மேலுள்ள பரணில் குடம்புளி உலர்ந்தது. விதை பூச்சியின்றிக் காத்தது. கூரையின் மூங்கிலும் ஓலையும் உளுத்துப்போகாமல் நின்றன. புகைபோக்கி வந்ததும் இவை இழக்கப்படுகின்றன. இந்த இழப்பு உண்மையானது. புதிய அடுப்பைக் கைவிட்டுப் பழையதற்குத் திரும்பிய பெண்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை. ஆயினும் உலர்த்துவதற்கு வேண்டியது பெரும்பாலும் வெப்பமே. சூடான புகைக்குழாயைச் சுற்றி ஓர் உலர்பரணை அமைத்தால் குடம்புளியும் உலரும், சமைப்பவரின் நுரையீரலும் தப்பும். இத்தகைய தீர்வைப் பரணைப் பயன்படுத்துபவரிடம் கேட்டே வடிவமைக்க முடியும்.

மூன்றாவது, பழைய கணப்பில் எதையும் செருகக் கூடாது என்னும் மரபுக் காவலரின் குரல். கல்லை இடிக்காதே என்றால் அது ஏற்கத்தக்கது. ஆனால் எரியாமல் வைக்கப்படும் கணப்பின் சிம்னியில் மழைநீர் இறங்குகிறது, பறவைகள் கூடு கட்டுகின்றன, சாந்து உதிர்கிறது. பின் ஒரு விடுமுறை நாளில் யாரோ ஒருவர் அதில் நெருப்பை மூட்டுகிறார். தொடாமல் வைப்பது காப்பதாகாது. திரும்பப் பெறத்தக்க முறையில் பொருத்தப்பட்டு, ஆண்டுதோறும் துடைக்கப்படும் அடுப்பே கணப்பை உயிரோடு வைத்திருக்கும்.

ஆகவே வேண்டப்படுவன சிலவே. மலைப்பகுதி விடுதிகளுக்கு உரிமம் வழங்கும்போது, அறைக்குள் எரியும் எந்த நெருப்புக்கும் தனிப் புகைவழியும் புதுக்காற்று வழியும் எச்சரிக்கைக் கருவியும் உண்டா என்று உள்ளாட்சி அமைப்புகள் கேட்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் கொத்து வேலை கற்போர்க்குப் புகைவழியின் கணக்கு ஒரு பாடமாக வேண்டும். பொறியியல் மாணவர்கள் அடுப்பின் திறனை ஆய்வகத்தில் அளப்பதோடு நில்லாமல், பருவமழை நாளில் ஈர விறகுடன் ஒரு வீட்டுச் சமையலறையில் அளக்க வேண்டும். மொழி பயில்வோர்க்கும் இதில் பங்குண்டு. நெருப்புக்கும் புகைக்கும் அடுப்பின் உறுப்புகளுக்கும் இரு மொழிகளிலும் வழங்கும் சொற்கள், அடுப்புகள் மறையும் வேகத்திலேயே மறைகின்றன. அவற்றைத் தொகுப்பவர், சொல்லோடு அது குறிக்கும் வேலையையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

கல்லாற்றில் நாளை ஒரு விடுதிக்காரர் பழங்கணப்பின் முன் அளவுநாடாவோடு நிற்பாராயின், அவர் செய்ய வேண்டிய முதல் வேலை குனிந்து அகலத்தை அளப்பதன்று. ஏணி வைத்துக் கூரையேறி, சிம்னியின் உச்சியிலிருந்து உள்ளே ஒரு விளக்கை இறக்கிப் பார்ப்பது. வழி தெளிவாகவும் அளவாகவும் இருந்தால், கீழே வாய் எந்த வடிவில் இருந்தாலும் அடுப்பு எரியும்.